நூறில் அறுபது

அழாதீங்க அக்கா. முதலில் அந்த நாற்காலியில் உட்காருங்க. அந்தக் கட்டில் வேண்டாம், நடுவில் கம்பி குத்தும். நேத்து வரைக்கும் அதில் படுத்திருந்த கோவில்பட்டிக்காரி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனாள். ஆமா, போயிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத்தான் போனாள். அவளுடையதும் மஞ்சள்தான். மூணே நாள். லைட்டில் போட்டாங்க, இறங்குச்சு, போயிட்டாள். அதுக்குத்தான் சொல்றேன், அழாதீங்க. தையல் போட்ட உடம்பு.

நூறு பிள்ளை பிறந்தால் அறுபதுக்கு மஞ்சள் வரும். நான் சொல்லலை, டாக்டரம்மா சொன்னது. நாள் முடியுமுன்னே பிறந்த பிள்ளைன்னா நூறில் எண்பது. பச்சைப்பிள்ளை ரத்தத்தில் சிவப்பணு எக்கச்சக்கமா இருக்குமாம். அது உடைய உடைய மஞ்சளா மாறும். அதை வெளியே தள்ள வேண்டிய ஈரல், வேலைக்குப் புதுசாச் சேர்ந்த ஆள் மாதிரி முதல் வாரம் திணறும். அவ்வளவுதான் சங்கதி. ரெண்டாம் நாள், மூணாம் நாள் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ளே தானே போயிடும். கண்ணைக் கட்டி அந்த நீல லைட்டுக்குக் கீழே கிடத்தியிருக்கிறதைப் பார்த்தால் பதறத்தான் செய்யும். வலிக்காது அக்கா. குளிர் காயற மாதிரிதான் அவங்களுக்கு.

உங்க பேர் என்ன? முத்துச்செல்வியா. எந்த ஊர்? விளாத்திகுளமா, சரி. உங்க ரத்தம் என்ன குரூப்? ஓ பாசிட்டிவ். பிள்ளைக்கு? பி. அதான் பாருங்க. அம்மா ஓ-வாக இருந்து பிள்ளை ஏ-வாகவோ பி-யாகவோ இருந்தால் மஞ்சள் கொஞ்சம் கூடுதலா வரலாம். அம்மா நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ்னா அது இன்னும் முரடு, ஆனா அதுக்கு முன்கூட்டியே ஊசி போட்டுடறாங்க. தலையில் அது என்ன வீக்கம்? வேக்குவம் வெச்சு இழுத்தாங்களா? அந்த ரத்தக்கட்டு கரையும்போதும் மஞ்சள் ஏறும். மூத்ததுக்கு இருந்துச்சா? இருந்துச்சா! அப்போ இதுக்கும் வரலாம்னு தெரிஞ்சிருக்கணுமே உங்களுக்கு. சரி விடுங்க. பால் வருதா? வந்தாலும் வராட்டியும் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை மாரில் போட்டுக்கிட்டே இருங்க. பிள்ளை குடிச்சு வெளிக்குப் போனால்தான் மஞ்சளும் கூடப் போகும்.

எனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்னு பார்க்கிறீங்க. ஆறு நாள் அக்கா. ஆறு நாளா இந்த அறை. ஜன்னலைப் பாருங்க, பெயிண்ட் அடிச்சு ஒட்டிக்கிடக்கு, திறக்காது. போனை வாசலிலேயே வாங்கி வெச்சுக்கிட்டு சாயங்காலம் பத்து நிமிஷம் தருவாங்க. வெளியே கால் வெச்சால் மறுபடி குளிச்சு, துணி மாத்தி, அப்புறம்தான் உள்ளே. அதனால் யாரும் வெளியே போறதில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் கதவு திறக்கும், “ஜெசிந்தா பேபி, பால்!”னு கூப்பிடுவாங்க. ஜெசிந்தா நான்தான். போய்ப் பால் கொடுத்துட்டு வந்து உட்கார்றது. சுவரைப் பார்க்கிறது. மறுபடி கூப்பிடறது. ஆறு நாளில் மூச்சு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவிலேயே போய்ப் போய் வருது.

கோவில்பட்டிக்காரிக்கு மூணு நாள், எனக்கு ஏன் ஆறு நாள்? கேட்கிறீங்க இல்லையா? கேட்கணும். எனக்கு மாமியார் இருக்காங்க அக்கா. அதான் காரணம்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். எமிலி மாமி. எட்டாம் கிளாஸ் படிப்பு. நான் பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படிச்சவள், ஹாஸ்டலிலேயே வளர்ந்தவள். எனக்கு அம்மா இல்லை, பத்து வயசில் போயிட்டாங்க. அதனால் தலைப்பிரசவத்துக்குப் போக வீடு இல்லை. இவர் கப்பலில் இருக்கார், எஞ்சின் வேலை, இப்போ எந்தக் கடலில்னு அவருக்கே தெரியாது. ஆக நானும் மாமியும்தான். ஒரே வீட்டில், ஒரே சமையல்கட்டில், ஒன்பது மாசம். என்ன செஞ்சாலும் பின்னாடி ஒரு குரல். “ஏளா, குனியாத.” “ஏளா, அந்த வாளியைத் தூக்காத.” “ஏளா, ரெண்டு இட்லியில வயித்துப்பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?” மனுஷிக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா?

பிள்ளை மூணு வாரம் முந்திக்கிட்டான். முப்பத்தேழு வாரம். மூணாம் நாள் முகத்தில் லேசா மஞ்சள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, மஞ்சள் அளவு பதினொண்ணு இருக்கு, சகஜம்தான், பால் நல்லாக் கொடுங்கன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தால் ஒன்பது. வீட்டுக்குப் போங்கன்னாங்க. போனோம். அங்கேதான் ஆரம்பிச்சாங்க மாமி.

காலையில் எழுந்ததும் பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்க. துணியை அவிழ்ப்பாங்க. மூக்கு நுனியைப் பெருவிரலால் அமுக்கி எடுப்பாங்க. விரல் எடுத்த இடம் வெளுப்பா இருக்கா, மஞ்சளா இருக்கான்னு உத்துப் பார்ப்பாங்க. அப்புறம் நெஞ்சு. அப்புறம் வயிறு. அப்புறம் உள்ளங்கால். துணிக்கடையில் சாயம் போகுமான்னு கசக்கிப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி என் பிள்ளையை. எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான், என்ன நிறம், எல்லாம் கேள்வி.

“மாமி, இது சகஜம். நூறில் அறுபது பிள்ளைக்கு வரும்”னு நான் படிச்சுக் காட்டினேன்.

“சரிளா. அறுபதில் அம்பத்தெட்டுக்குத் தானாப் போயிரும்னு வையி. மிச்ச ரெண்டு யார் வீட்டுத் தொட்டில்ல கிடக்கும்? உன் போன்ல அது போட்டிருக்கா?”

அவங்க தெருக்கோடியில் ததேயுன்னு ஒருத்தர் இருக்கார். முப்பது வயசு. கழுத்து நிற்காது, காது கேட்காது, சேரில் கட்டி உட்கார வெச்சிருப்பாங்க. மாமிதான் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போய் அவருக்கு ஷேவ் பண்ணிவிட்டு வருவாங்க. “அவன் பிறந்தப்பவும் எல்லாரும் சும்மா மஞ்சள்னுதான் சொன்னாங்க”ன்னாங்க. பச்சை உடம்புக்காரிகிட்டே சொல்ற பேச்சா இது? நான் ரெண்டு நாள் பேசலை அவங்க கூட.

எட்டாம் நாள் ஞானஸ்நானம். அது அவங்க குடும்பத்து வழக்கம். மத்தவங்க வீட்டில் நாற்பது நாள், மூணு மாசம்னு ஆற அமர வைப்பாங்க. இவங்களுக்கு எட்டாம் நாள் கோவிலில் தண்ணி ஊத்தியாகணும். அதுக்கு ஒரு சட்டை இருக்கு. வெள்ளை லேஸ் வெச்சது, பிள்ளையோட கால் தாண்டி ரெண்டு முழம் தொங்கும். மாமியோட வீட்டுக்காரர் போட்டது, இவர் போட்டது, இவர் கூடப் பிறந்த மூணு பேரும் போட்டது. ரெண்டு தலைமுறையா மாமி பீரோவில், அந்துருண்டை போட்ட டிரங்குப் பெட்டிக்குள்ளே கிடந்த சட்டை. அந்துருண்டை தெரியுமில்லையா? உங்க ஊரில் பாச்சை உருண்டைம்பீங்க.

அந்தச் சட்டைதான் அக்கா. அதுதான் எல்லாத்துக்கும் காரணம்.

எப்படின்னு சொல்றேன். சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஒரு என்சைம் குறைச்சலா இருக்குமாம். சிவப்பணுவுக்குக் காவல் மாதிரி அது. ஜி6பிடின்னு பேர். அது குறைஞ்ச பிள்ளைக்கு அந்துருண்டை நெடி ஆகாது. மூச்சில் போனாலும் சரி, துணியிலிருந்து தோல் வழியாப் போனாலும் சரி, சிவப்பணு படபடன்னு உடையும். அதுவும் எண்ணெய் தேய்ச்ச தோல்னா இன்னும் வேகமா உள்ளே இழுத்துக்கும். எட்டாம் நாள் காலையில் பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, அந்தச் சட்டையைப் போட்டு, மூணு மணி நேரம். கோவிலில் ஒரு மணி நேரம், வீட்டில் போட்டோ, விருந்து. நான்தான் கழட்ட விடலை, இவருக்கு வீடியோ காலில் காட்டணுமே. சிக்னல் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு.

பத்தாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கலை. மாரில் வெச்சால் உறிஞ்சலை. உள்ளங்கால் வரை மஞ்சள். ஈரத்துணியை மாமி வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்க்கிறாங்க, பாலில்லாத கட்டன்சாயா கொட்டின மாதிரி இருக்கு.

“ஏளா, கிளம்பு.”

“மாமி, நாளைக்கு எப்படியும் செக்கப் இருக்கு.”

“நாளைக்கா? நாளைக்கு எவளுக்குளா வேணும்? கிளம்புன்னேன்.”

“தூங்கற பிள்ளையை ஏன் கலைக்கிறீங்க? இது சகஜம்னு எத்தனை தடவை சொல்றது?”

“சகஜம் உன் வாயில கிடக்கட்டும். பிள்ளை என் கையில கிடக்கான்”னு சொல்லித் தூக்கிட்டு நடந்துட்டாங்க. ஒரு காலில் அவங்க செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துட்டாங்க. நான் பின்னாலேயே ஓடிவந்து ஏறினேன். பெத்தவள் நான், பின்னாலே ஓடி வரேன். எனக்கு அந்த அவமானம் இன்னும் போகலை அக்கா.

இங்கே வந்து பார்த்தால் இருபத்தொண்ணே முக்கால்.

டாக்டரம்மா உடனே உள்ளே தூக்கிட்டுப் போனாங்க. நாலு பக்கமும் லைட் வெச்சாங்க. ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னாங்க. “மஞ்சள் இதுக்கு மேலே ஏறி மூளைக்குள்ளே இறங்கினால் திரும்ப எடுக்க முடியாதும்மா. காது, கழுத்து, கை கால், எது போகும்னு சொல்ல முடியாது. லைட்டில் இறங்கலைன்னா ரத்தத்தை மாத்திடுவோம், கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா வேற ரத்தம் ஏத்தறது”ன்னாங்க. என் பிள்ளை ரெண்டரைக் கிலோ அக்கா. அவன் உடம்பில் மொத்தமே ஒரு டம்ளர் ரத்தம்தான் இருக்கும்.

ஆனா இறங்குச்சு. லைட்டிலேயே இறங்குச்சு. மறுநாள் பதினேழு. மூணாம் நாள் காலையில் பதினஞ்சு. அன்னைக்குத்தான் டாக்டரம்மா என்கிட்டே உட்கார்ந்து கேட்டாங்க.

“குடும்பத்தில் யாருக்காவது பிறந்தப்போ மஞ்சள் வந்திருக்கா?”

“இல்லை மேடம்.”

“வீட்டில் அந்துருண்டை பயன்படுத்துவீங்களா?”

“மாமி பீரோவில் இருக்கும் மேடம்.”

“பிள்ளைக்குப் போட்ட துணி?”

“மாமி பீரோவில் இருந்த சட்டை மேடம்.”

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. மாமியைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. மாமி முகம் வெளுத்துப் போச்சு. “ரெண்டு தடவை சோப்புப் போட்டு அலசினேன் டாக்டரம்மா. மூணு நாள் மொட்டை மாடியில வெயிலில் போட்டேன். அந்த நெடி பச்சைப்பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்க அம்மா சொல்வாங்க, அதனால...”ன்னாங்க. டாக்டரம்மா, “அலசினாலும் இருக்கலாம்மா”ன்னாங்க. மாமி என்னைப் பார்த்தாங்க. நான் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

என்சைம் ரிப்போர்ட் முந்தாநாள் வந்துச்சு. குறைச்சல்தான். அது பையன்களுக்கு அம்மா வழியாத்தான் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நல்லவேளை, அப்போ மாமி பக்கத்தில் இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் போன் கிடைச்சதும் அப்பாகிட்டே கேட்டேன். “உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்மா, பத்தாம் நாள் மஞ்சள் பூத்துப் போயிட்டான், உன்கிட்டே சொன்னதில்லையா?”ன்னார். சொன்னதில்லை. அதை நான் இன்னும் டாக்டரம்மாகிட்டே சொல்லலை. சொல்லி என்ன ஆகப் போகுது? ரிப்போர்ட்தான் வந்தாச்சே.

பெரிய கேள்வி அது இல்லை. மூணாம் நாள் பதினஞ்சுக்கு இறங்கினது, ஏன் மறுபடி ஏறுச்சு? நாலாம் நாள் பதினாறு. நேத்துப் பதினேழரை. இன்னைக்குக் காலையில் பதினெட்டே முக்கால். லைட் அதே லைட். பால் அதே பால். டாக்டரம்மாவே நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறாங்க. “அந்துருண்டை இன்னும் எங்கேயிருந்தோ வருதும்மா. உடையறது நிற்கலை. யோசிச்சுச் சொல்லு.”

யோசிச்சேன். சொன்னேன். மூணாம் நாள் மத்தியானம்தான் மாமி வீட்டிலிருந்து என் பை வந்துச்சு. அன்னையிலிருந்துதான் ஏறுதுன்னு சொன்னேன். அதுவும் உண்மைதானே? பையிலிருந்த நைட்டி, துண்டு எல்லாத்தையும் கட்டி வெளியே அனுப்பிட்டாங்க. மாமி கொண்டு வர்ற எதுவும் உள்ளே வரக் கூடாது, மாமியும் வரக் கூடாதுன்னு எழுதி வெச்சுட்டாங்க. கீழே கேட்டில் நிக்கறாங்க மாமி, மூணு நாளா. வீட்டில் பீரோவைக் காலி பண்ணி, டிரங்குப் பெட்டியைத் தெருவில் போட்டு, தலையணை உறை வரைக்கும் வெந்நீரில் அவிச்சுட்டு வந்து நிக்கறாங்களாம். வார்டு ஆயா வந்து சொன்னாள். “உங்க மாமியார் கையைப் பார்த்தீங்களா, சோடா போட்டுத் துவைச்சுத் தோல் உரிஞ்சு கிடக்கு”ன்னாள். நான் கேட்டேனா?

இப்போ மணி மூணரை. நாலு மணிக்கு ரிப்போர்ட். இருபதைத் தொட்டால் ரத்தம் மாத்தறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்.

ஏன் மூக்கை உறிஞ்சறீங்க அக்கா? பினாயிலா இருக்கும். காலையில் துடைச்சாங்க.

இல்லை, பாத்ரூம் பக்கமிருந்து வரலாம். கதவைச் சாத்தட்டுமா?

பினாயில் இல்லைங்கறீங்க.

உங்களுக்கு மசக்கையில் என்ன பிடிச்சுச்சு? புளியா? எங்க ஹாஸ்டலில் கூடப் படிச்சவள் ஒருத்தி, கல்யாணமாகி மூணாம் மாசம் சிலேட்டுக் குச்சியா வாங்கித் தின்னாள். சாம்பல் தின்கிறவங்க உண்டு, செங்கல்லைச் சுரண்டறவங்க உண்டு. மண்ணெண்ணெய் வாசத்துக்கு அடுப்பு கிட்டேயே நிக்கறவங்க உண்டு. தப்பில்லையே? உடம்பு கேட்கிறது. எனக்கு இது கேட்டுச்சு. திங்கலை அக்கா, சத்தியமா. வாசம் மட்டும். ஒரு உருண்டையைக் கைக்குட்டையில் முடிஞ்சு வெச்சுப்பேன். மாமி குரல் எழும்பும்போது, இவர் போன் வராதபோது, எடுத்து ஒரு தடவை இழுத்தால் போதும். நெஞ்சில் கட்டியிருக்கிற கயிறு அவிழும்.

ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. மாசம் நாலு உருண்டை சிஸ்டர் எண்ணித் தருவாங்க. அம்மா இறந்துபோன வருஷம் நான் அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே தலையை வெச்சுத்தான் அழுவேன். மூடி மேலே இருந்தால் சத்தம் வெளியே கேட்காது. அந்த வாசம்தான் எனக்கு... என்ன சொல்றது? வீடு.

மாமி ஒரு தடவை தலையணைக்கடியில் பார்த்துட்டாங்க. “ஏளா, விஷம்ளா இது!”ன்னு ஜன்னல் வழியா எறிஞ்சாங்க. மறுநாள் நான் கடையில் பாக்கெட்டே வாங்கிட்டேன்.

அந்தச் சட்டையை மாமி அலசி, காயப்போட்டு, இஸ்திரி போட்டு என் கையில்தான் கொடுத்தாங்க. “உன் பெட்டியில வை. உருண்டை கிருண்டை போட்டுராதே”ன்னாங்க. எனக்குத் துணி வைக்கத் தெரியாதா? அதுவும் அவ்வளவு பழைய லேஸ், பூச்சி அரிச்சால் யார் பதில் சொல்றது, நாளைக்கு என்னைத்தானே சொல்வாங்க. மடிப்புக்கு ஒண்ணா நாலு போட்டேன். எட்டாம் நாள் எடுத்து விரிச்சப்போ மாமி முகர்ந்துட்டு, “மறுபடி நெடி அடிக்குதே, வேற சட்டை போடுவோம்ளா”ன்னாங்க. “உங்க பீரோ வாசம் மாமி. அம்பது வருஷ வாசம் ரெண்டு அலசலில் போயிடுமா?”ன்னு நான்தான் சொன்னேன்.

பாருங்க, அவங்க நம்பிட்டாங்க.

இல்லை அக்கா, இங்கே வந்த முதல் ரெண்டு நாள் என்கிட்டே அது இல்லை. போட்டிருந்த துணியோட ஓடி வந்தவள்தானே நான். மூணாம் நாள் தாங்கலை. லைட்டுக்குள்ளே அவன், இந்த அறைக்குள்ளே நான், நடுவில் கண்ணாடி. ஆயாகிட்டே சொல்லிவிட்டேன், என் ஊதாப் பை, ஜிப்பைத் திறக்காமல் அப்படியே கொடுத்துவிடச் சொல்லுங்கன்னு. மாமி அப்படியே கொடுத்துவிட்டாங்க. கைக்குட்டை பக்க ஜிப்பில் இருந்துச்சு. பையை வாங்கிட்டுப் போனப்போ, அதை மட்டும் நான் எடுத்து...

எடுத்து உள்ளே வெச்சுக்கிட்டேன். இடது பக்கம். பிள்ளைக்கு வலது பக்கம்தான் கொடுக்கிறேன் அக்கா! மூணு நாளா வலதுதான் கொடுக்கிறேன். கொடுத்து முடிச்சு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் முகர்வேன். இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கேன். அப்புறமும் ஏன் ஏறுது சொல்லுங்க?

அக்கா?

நீங்க நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டீங்க.

ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கையால் மாராப்பை மூடிக்கிட்டீங்க. உங்க பிள்ளை வந்து குடிக்கப் போற இடம். சரிதான். உங்க பிள்ளைக்கும் அந்த என்சைம் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? இன்னும் தள்ளிப் போங்க. அந்தக் கடைசிக் கட்டிலுக்கே போயிடுங்க. நான் உங்ககிட்டே வந்து உட்கார்ந்திருக்கவே கூடாது.

அறிமுகமாகி அரை மணி நேரம் ஆகலை. நீங்க உங்க பிள்ளைக்காக என்னை விட்டு எழுந்துட்டீங்க. நான் மூணு நாளா என் பிள்ளையை இதோடு சேர்த்துத்தான் அணைச்சிருக்கேன்.

வலதாவது, இடதாவது. அவன் மூக்கு இவ்வளவுதான் இருக்கு அக்கா. என் நெஞ்சில் எங்கே வெச்சால் அவனுக்கு எட்டாது?

கதவு திறக்குது. மணி நாலாகலையே? பாலுக்குத்தான் கூப்பிடறாங்க.

சிஸ்டர், நான் உள்ளே வரலை. நீங்களும் கிட்டே வராதீங்க, நீங்க அவனைத் தூக்கணும். டாக்டரம்மா எங்கே? ரிப்போர்ட் பார்த்துக்கிட்டிருக்காங்களா? எத்தனைன்னு எனக்கு இப்போ சொல்லாதீங்க. எத்தனையா இருந்தாலும் இதை முதலில் அவங்ககிட்டே சொல்லுங்க. அந்துருண்டை மாமி பீரோவிலிருந்து வரலை. என்கிட்டே இருக்கு. இங்கே, உள்ளே. மூணு நாளா. சட்டையில் போட்டதும் நான்தான். மாமி வேண்டாம்னுதான் சொன்னாங்க. எனக்கு முன்னாடி பிறந்த அண்ணன் ஒருத்தன் பத்தாம் நாள் மஞ்சளில் போயிருக்கான், அதையும் எழுதிக்கோங்க. ஆமா சிஸ்டர், டாக்டரம்மா கேட்டாங்க. மூணு தடவை கேட்டாங்க. நான் பொய் சொன்னேன்.

இந்தக் கைக்குட்டையை ஒரு கவரில் போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. குளிக்கணும், தலையோட. ஆஸ்பத்திரித் துணி ஒண்ணு கொடுங்க, என் துணி எதுவும் வேண்டாம். என் பாலில் இருக்குமோ என்னமோ, டாக்டரம்மா சொல்ற வரைக்கும் வேற பால் கொடுங்க. பாலாடைச் சங்கில்தான் ஊட்டணும். ஆனா அவன் ஆயா கையில் குடிக்க மாட்டான், உங்க கையிலும் குடிக்க மாட்டான்.

கீழே கேட்டில் எங்க மாமி நிக்கறாங்க. எமிலின்னு கூப்பிட்டால் திரும்புவாங்க. அவங்களை மேலே விடுங்க சிஸ்டர். அவங்க கையில் அவன் குடிப்பான்.

என்னைப் பத்தி அவங்ககிட்டே நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. நானே சொல்றேன். அவங்க ஊட்டி முடிக்கட்டும். முன்னாடி சொன்னால் கை நடுங்கும்.